பதான் என்று எழுதச் சொன்னவர்

பதினொரு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருப்பதை அஸ்மதுல்லா கானுக்குக் கடிகாரம் சொல்லவில்லை. வகுப்பறைக் கடிகாரம் ஏழு வருஷமாக நாலேகாலைத் தாண்டாமல் கரும்பலகைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை, நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்துச் சாக வேண்டாம் என்று, காலையில் வேண்டுமென்றே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நேரம் சொன்னவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பிள்ளைகள். பத்தாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். ஒரு மார்க் கேள்விகளை அள்ளி முடித்துவிட்டு, பேனா மூடியைப் பல்லிடுக்கில் வைத்தபடி, இரண்டு மார்க் கேள்விக்கு விடை விட்டத்தில் ஒட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால் மணி பத்து நாற்பது. இருபத்தொன்பது வருஷம் சரித்திரம் நடத்தியதில் அவராகக் கண்டுபிடித்த சரித்திர உண்மை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பிறர் கண்டுபிடித்தது. பதினொரு மணிக்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையின் கடைசிச் சுற்றுப் பட்டியல் இணையத்தில் வரும். மகள் தஹ்ஸீனின் பெயர் அதில் இருக்கும், அல்லது இருக்காது. மூன்றாவதாக ஒன்று இருக்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மனசு காலையிலிருந்து அந்த மூன்றாவதைத்தான் துழாவிக்கொண்டிருந்தது.

போன் கையில் இல்லை. தேர்வு நேரத்தில் ஆசிரியர்களின் போன்களெல்லாம் தலைமையாசிரியர் பரந்தாமனின் மேஜைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்க வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். "போனு இருக்கற வாத்தியாரு பாதி வாத்தியாரு சார், அந்தப் பாதியும் வாட்சப்புல இருக்கும்" என்று காலையில் டப்பாவை நீட்டினார் பரந்தாமன். இன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார், நல்ல மனுஷன். ஆனால் அந்தச் சட்டத்தை நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று முன்மொழிந்தவரே அஸ்மதுல்லா கான்தான், அதுவும் நிபந்தனைகள் மூன்று, துணை நிபந்தனைகள் இரண்டு என்று எண் போட்டு. விதிவிலக்கு இல்லாத விதியே விதி என்று அன்றைக்கு முடித்தார். யாரோ கைகூடத் தட்டினார்கள். தன் வாழ்க்கையில் தன்னை இடித்த கதவுகளில் பாதிக்கு மேல் தானே செய்து மாட்டிய கதவுகள் என்று இப்போது தோன்றியது. போனை டப்பாவில் போட்டார். பரந்தாமன் கையில் ஒரு கட்டுத் தாளைத் திணித்தார்: "சார், பொதுத்தேர்வுக்கு அனுப்பற பெயர்ப் பட்டியல். பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு, ஜாதி, எல்லாம் சரியான்னு பசங்ககிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கிடுங்க. இன்னிக்குதான் எல்லாரும் ஒழுங்கா வந்திருக்காங்க." அந்தக் கட்டு மேஜைமேல் கிடந்தது. இன்னும் தொடவில்லை. நாலாவது கட்டத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே.

ஐந்நூற்று இருபத்தேழு. எழுநூற்று இருபதுக்கு ஐந்நூற்று இருபத்தேழு. அந்த எண்ணை அவர் நாலு மாதமாகச் சுமந்து திரிகிறார். குளிக்கும்போது, தொழும்போது, ஏழாம் வகுப்புக்குத் துக்ளக் நடத்தும்போது. மோசமான மார்க் இல்லை, பிரமாதமும் இல்லை. ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து இரண்டாம் தடவை எழுதி எடுத்தது. இயற்பியல்தான் காலை வாரிவிட்டது. இரண்டாம் சுற்றில் பொதுப் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளைக்கு ஐந்நூற்று முப்பத்து மூன்று. ஆறு மார்க். ஒரு கேள்விக்கு நாலு மார்க் என்றால் ஒன்றரைக் கேள்வி. ஒன்றரைக் கேள்வியை எங்கே போய்த் தேடுவது? மூன்றாம் சுற்றில் சில பேர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், சில பேர் பல் மருத்துவம் போதும் என்று இருந்துவிட்டால், சில பேருக்கு, அல்லா மன்னிக்கணும், கல்யாணமே நிச்சயமாகிவிட்டால், பட்டியல் ஆறு மார்க் இறங்கலாம். இறங்கும். சரித்திரத்தில் இதைவிடப் பெரிய வீழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் அடுத்த தெரு ஸுமையா இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஸுமையாவுக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, தஹ்ஸீனைவிட இருபத்தொன்பது குறைவு, முதல் சுற்றிலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நல்ல பெண், போகும்போது தஹ்ஸீனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸுமையாவின் வீட்டார் லப்பை. முஸ்லிம்களுக்கான இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஏழு பெயர் இருக்கிறது: அன்சார், தக்கனி, துதேகுலா, லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது. தூக்கத்தில் எழுப்பினாலும் ஆங்கில அகர வரிசையில் சொல்வார். எட்டாவதாகப் பதான் என்று ஒரு பெயர் இல்லை. பதான் பொதுப் பிரிவு. ராஜ வம்சத்தாரும் ஜமீன்தார்களும் உட்காரும் வரிசையில், தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியின் பேத்தி ஆறு மார்க் குறைவாக நின்றுகொண்டிருந்தாள். நிற்க வைத்தது யார்?

"சார், அடிஷனல் ஷீட்டு." கடைசி பெஞ்சிலிருந்து கை. இவ்வளவு சீக்கிரத்தில் கூடுதல் தாள் கேட்பவன் ஒன்று முதல் மார்க் வாங்குபவனாக இருப்பான், இல்லாவிட்டால் எழுத்தைக் கோழிமுட்டை அளவில் எழுதுபவனாக இருப்பான். இவன் இரண்டாவது ரகம். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. ஏகாம்பரம் போன மாசியில் இறந்துவிட்டார், ஆனால் அஸ்மதுல்லா கானின் தலைக்குள் பதிமூன்று வருஷமாக ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் பள்ளி எழுத்தர். தஹ்ஸீனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாள். இரட்டைச் சடை, புது ஷூ, ஒரு கால் ஷூவை மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டே நின்றாள். "முஸ்லிம்னா இன்னா முஸ்லிம் சார்? உங்க டி.சி.ல தக்கனின்னு கீது. அதையே போட்டுக்கவா?" போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைகூட வேண்டாம், தலையாட்டல் போதும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏகாம்பரம், தக்கனின்னா தெக்கத்திக்காரன்னு அர்த்தம். அது திசை, வம்சம் இல்ல. எங்க அப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்தப்போ எவனோ ஒரு வாத்தியாரு சோம்பேறித்தனமா எழுதி வெச்சது, அதையே எனக்கும் எழுதிட்டான். நாங்க பதான். ஆற்காட்டு நவாப் குதிரைப் படையில..." ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டார். பத்து நிமிஷம் கேட்டார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "சார், நீங்க சொல்றதெல்லாம் கரீட்டு. ஆனா பொம்பளப் புள்ள. பின்னால ஏதாச்சும் ஒண்ணுன்னா தக்கனிதான் சார் ஒதவும். குதிரையா வந்து ஒதவப் போவுது?" என்றார். "எழுதுங்க ஏகாம்பரம். பதான்." ஏகாம்பரம் எழுதினார். அழகான கையெழுத்து அவருடையது; ப-வுக்குக் கீழே கோட்டை நேராக இழுத்து, ன்-னின் புள்ளியை வட்டமாக வைத்தார். அன்றைக்கு அதைப் பார்த்துத் திருப்தியாகக்கூட இருந்தது.

குதிரைக்கு ஆதாரம் உண்டா என்றால் உண்டு. எம்.ஏ. படிக்கும்போது ஒரு பழைய அரசு அறிக்கையில், பாலாற்றங்கரை ஊர்களில் கான் என்று பெயர் வைத்துக்கொண்ட சிலர் தங்களைக் குதிரை வீரர்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதாக அரை வரி படித்தார். "சொல்லிக்கொள்வதாக" என்ற சொல்லை அவர் அப்போது கவனிக்கவில்லை. இன்னொருவர் எழுதியதில் அப்படி ஒரு சொல் இருந்தால் பென்சிலால் வளையம் போட்டிருப்பார். இன்னோர் ஆதாரம் அங்கவடி. குதிரைமேல் ஏறுகிறவன் கால் வைக்கும் இரும்பு வளையம். அப்பா இறந்தபின் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது, துருப்பிடித்து, ஒரு பக்கம் தட்டையாக. அதைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கூடத்து அலமாரியில் வைத்தார். மூன்றாம் நாள் அதன்மேல் பிரியாணிச் சட்டி இருந்தது. "அஜீ, அது தோல் ஷாப்பு பீப்பாய் வளையம்" என்றாள் வஹீதா, அவர் மனைவி. "எங்க அப்பா வேல செஞ்ச எடத்துல நூறு கெடக்கும். சட்டி ஆடாம நிக்குது, விடுங்க." முப்பது வருஷம் தோலுக்கு உப்புத் தடவிய கைகள் அஸ்மதுல்லா கானின் அப்பாவுக்கும். விரல் நுனிகளில் வெடிப்பு. குதிரையை அவர் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி, அதையும் தள்ளி நின்றுதான் பார்த்தார், உதைக்கும் என்று பயம். பீப்பாய் வளையம் முழு வட்டமாக இருக்கும், இது ஒரு பக்கம் தட்டை, என்று அஸ்மதுல்லா கான் வஹீதாவுக்கு விளக்கினார். "சட்டி வெச்சு வெச்சுத் தட்டையாயிடுச்சு" என்றாள். வீட்டில் அதை அங்கவடி என்று சொன்னது அவருக்கு அடுத்து ஒரே ஒரு ஆள், தஹ்ஸீன். நாலு வயசில், மழலையில், "அங்காடி" என்பாள். அம்மா கேலி செய்தும் விடவில்லை. "அம்மா, அங்காடிமேல சட்டி வெக்காத, அப்பாவோட குதிரைக்கு வேணும்."

காற்றாடி மூன்றில் ஒன்று ஓடவில்லை. ஓடுகிற இரண்டும் தாள்களைப் புரட்டின, பிள்ளைகள் முழங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதினார்கள். முதல் பெஞ்சில் ஒரு பையன் மராத்தியப் போர்களுக்கு நடுவே பென்சிலால் ஒரு பல்லி வரைந்துகொண்டிருந்தான், நல்ல பல்லி, விரல்களைக்கூட எண்ணி வைத்திருந்தான். தஹ்ஸீனுக்கு வரைய வராது. இதயத்தின் படத்தை அவள் வரைந்தால் கத்தரிக்காய்போல இருக்கும். ஆனால் வலியை வாயால் வரைவாள். எட்டாம் வகுப்பிலிருந்து தெருப் பெண்களெல்லாம் அவளைத்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு உருது மட்டும்தான், டாக்டருக்குத் தமிழ் மட்டும்தான். 'ஜலன்' என்றால் எரிச்சல். 'டீஸ்' என்றால் சுருக்கென்று குத்திவிட்டுப் போவது, அதை வெறும் வலி என்று சொல்லக் கூடாது, டாக்டர் வேறு மாத்திரை எழுதிவிடுவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கௌஸியா காலா ஒருநாள் நெஞ்சில் கையை வைத்து 'ஹௌல்' என்றாள். அதற்குத் தமிழ் என்ன? அவரிடம் கேட்டிருந்தால் சொல்லின் வேரைச் சொல்லியிருப்பார், காலா அதற்குள் செத்திருப்பாள். தஹ்ஸீன் டாக்டரிடம் சொன்னாளாம்: "வலி இல்ல டாக்டர். கெணத்துல எட்டிப் பாத்தா நெஞ்சு ஒரு மாதிரி உள்ள போகும்ல, அது. சும்மா உக்காந்திருக்கும்போதே வருதாம்." டாக்டரம்மா சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அடைப்பு. காலா பிழைத்தாள். "நீ டாக்டருக்குப் படிடி, எங்களுக்கு உன்ன மாதிரி ஒருத்தி வேணும்" என்று அந்த டாக்டரம்மா சொன்னதை தஹ்ஸீன் வீட்டில் வந்து சொன்னது அன்று ஒருதரம்தான். பிறகு சொல்லவே இல்லை. படிக்க உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு இப்போது நெஞ்சு அப்படித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கக் கிணறு ஏதும் இல்லை. இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு பல்லி, நாலேகால்.

சரி, அதுகூடப் போகட்டும். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் செய்ததை முட்டாள்தனம் என்று மன்னித்துவிடலாம், வயசு, எம்.ஏ. பட்டம், புதிதாக வந்த தொப்பை. சித்திரையில் செய்ததற்குப் பெயர் என்ன? விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். வஹீதா அவர் பழைய டி.சி.யைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். "அஜீ, உங்கது தக்கனி, மாமாது தக்கனி, எங்க வீடும் தக்கனி. போயி நேரா வாங்கிட்டு வாங்க. பேச்சு வேணாம்." பேச்சு வேணாம் என்பதை அவள் இரண்டு தரம் சொன்னாள், உருதுவில் ஒருதரம், தமிழில் ஒருதரம். தஹ்ஸீனும் கூட வந்தாள். வருவாய் ஆய்வாளர் நாற்பது வயசுக்காரர், நெற்றியில் சந்தனம், கனிவான ஆள். இரண்டு டி.சி.களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சார், உங்கதுல தக்கனின்னு இருக்கு. பொண்ணுதுல பதான்னு இருக்கு. ஸ்கூல் கிளார்க் தப்பா எழுதிட்டாரு, அப்படித்தானே?" பேனா தயாராக இருந்தது. அவர் கேள்வி கேட்கவில்லை, விடையைத்தான் கேள்விபோல நீட்டினார், பரிவுள்ள வாத்தியார் வாய்மொழித் தேர்வில் செய்வதுபோல. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. "இல்லைங்க" என்றார் அஸ்மதுல்லா கான். "கிளார்க் மேல தப்பு இல்ல. நான்தான் பதான்னு எழுதச் சொன்னேன்." ஏன் சொன்னார்? செத்துப்போன ஏகாம்பரத்தின் தலையில், அந்த அழகான கையெழுத்தின்மேல், பழியைப் போட மனசு வரவில்லை என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி உண்மை. மீதிப் பாதி, ஆய்வாளர் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தார்கள், கேட்பதற்கு ஆள் இருந்தது. ஆற்காட்டு நவாப் வரைக்கும் போனார். அரசு அறிக்கையின் பக்க எண்ணைச் சொன்னார். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொல்றத நான் எழுதித்தான் சார் ஆகணும்" என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு ஒருமுறை, கடைசியாக, தஹ்ஸீன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ என்ன?" அவள்...

மணி அடித்தது. பதினொன்று. பியூன் கோபால் தண்டவாளத் துண்டில் ஒற்றை அடி அடித்துவிட்டுப் போனான், நீளமான அடி. பிள்ளைகள் ஒருசேரத் தலையைத் தூக்கிவிட்டு ஒருசேரக் குனிந்தார்கள். இந்த நிமிஷம் அங்கே, எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், பெயர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன. த, தஹ். இல்லை, ஆங்கிலத்தில் டி. அகர வரிசையில் வராது, மார்க் வரிசையில் வரும். தஹ்ஸீன் வெறும் தரையில் உட்கார்ந்திருப்பாள், முக்கியமான எதையும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முதல் சுற்றில் பெயர் இல்லாதபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுத்து மடித்தாள். எல்லாத் துணியையும். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டாம் சுற்றில், "ஆறு மார்க்தான்பா, கிட்ட வந்துட்டேன்" என்றாள், அவர்தான் ஏதோ தோற்றுவிட்டதுபோல, அவரைத் தேற்றுகிற குரலில். நாலு மாதத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், சத்தம் போட்டிருக்கலாம். வஹீதா போட்டாள். ஆர்.ஐ. ஆபீசிலிருந்து திரும்பிய அன்று அவள் போட்ட சத்தத்தில் கௌஸியா காலா வாசலுக்கு வந்துவிட்டாள். "சொத்தா கேட்டேன்? ஒரு 'ஆமா' கேட்டேன்! குதிரை வேணுமா, போயி குதிரைக்கு டாக்டராக்குங்க!" மூன்று நாள் பேசவில்லை. அது தேவலை. மகள் பேசாமல் இருந்திருந்தால் தேவலை. அவள் பேசினாள், சிரித்தாள், அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ போட்டுக் கொடுத்தாள். நீ சொல்லும்மா, நீ என்ன. அந்த இடத்தில் ஒரு முள் இருந்தது. நினைவு அதுவரை ஓடிவந்து, துணி மாட்டிக்கொண்டதுபோல நின்று, பின்னால் இழுபட்டு, மறுபடி ஏகாம்பரத்திடம் போய்ச் சேர்ந்தது.

நிற்க முடியவில்லை. கை எதையாவது செய்ய வேண்டும். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனார். "பேரு பாரு, தேதி பாரு, சரின்னா கையெழுத்துப் போடு. பேசாத." பல்லிப் பையன் தன் பெயரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். கோழிமுட்டை எழுத்துக்காரன் கையெழுத்து மூன்று கட்டங்களைத் தாண்டிப் போயிற்று. நாலாம் வரிசையில் ஜன்னலோரம் ஹாஜிரா, தோல் ஷாப்பில் தோல் உருட்டும் டிரம்மை ஓட்டும் நவாஸ் கானின் மகள், தலையில் போட்ட தட்டத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்று சொல்ல முடியாது, சுமாருக்கு மேலே. தாளை அவள் முன்னால் வைத்தார். ஹாஜிரா, ந. தேதி சரி. அப்பா பெயர் சரி. சமூகம்: பதான். பிரிவு: பொது. அவர் விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றது. "உங்க அப்பாவோட டி.சி.ல என்ன இருக்குன்னு தெரியுமா?" குரல் ரகசியமாக வந்தது, கண்காணிப்பாளரே காப்பியடிப்பதுபோல. "அதுல வேற ஏதோ இருந்துச்சாம் சார். ஆறாங்கிளாஸ்ல சேக்கறப்போ நீங்கதான் சார் மாத்தச் சொன்னீங்க. கான்னு வந்தா பதான்தான், சரித்திரத்தைத் தப்பா எழுதக் கூடாதுன்னு. அப்பா வீட்ல வந்து ஒரே சந்தோஷம் சார். எங்க அண்ணன் பைக்ல கூட பதான்னு எழுதி ஒட்டிக்கிட்டான்."

அவருக்கு நினைவில்லை. அதுதான் வேடிக்கை, நவாப் காலத்துக் குதிரைகளின் எண்ணிக்கை நினைவிருக்கிறது, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளியிடம் போகிறபோக்கில் சொன்னது நினைவில்லை. இன்னும் எத்தனை பேரிடம் சொன்னார்? ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு எட்டு வருஷம் அவர்தான் உட்கார்ந்தார். வருஷத்துக்கு இரண்டு கான், மூன்று கான். ஒவ்வொருவரையும் ஒரு குதிரைமேல் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவர்கள் பிள்ளைகள் இறங்க வழி தெரியாமல் எங்கெங்கே நிற்கிறார்களோ. "என்ன படிக்கணும்னு இருக்க?" ஹாஜிரா பேனாவைக் கடித்தாள். "நர்ஸிங் சார். கெடைச்சா." கெடைச்சா. "இதுல கையெழுத்துப் போடாத. நாளைக்குக் காலைல அப்பாவ வரச் சொல்லு, பழைய டி.சி. இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு. நானும் கூட வரேன். ஆபீஸர் என்ன கேக்கறாரோ அதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். குதிரைக் கதையெல்லாம் வேணாம்." அவள் விழித்தாள். "எந்தக் குதிரை சார்?" "ஒண்ணுமில்ல. எழுது. அஞ்சாவது கேள்வில வருஷம் தப்பா போட்டிருக்க, பாத்துக்க." சொன்ன பிறகுதான் உறைத்தது, தேர்வு அறையில் கண்காணிப்பாளர் விடை சொல்லக் கூடாது. இருபத்தொன்பது வருஷத்தில் முதல் விதிமீறல். இவ்வளவு சுலபமா இது? நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை. சித்திரையில் இதில் பாதி சுலபம் வேண்டியிருந்தது.

கடைசி மணி ஒன்றேகாலுக்கு. விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, வரிசைப்படுத்தி, நூல் கோத்துக் கட்டினார். இருபத்து நாலு வந்தது. மறுபடி எண்ணினார். இருபத்து நாலு. ஒருவேளை மூன்று மணிவரை எண்ணிக்கொண்டே இருக்கலாம், இங்கேயே, இந்தக் காற்றாடிக்கடியில். பல்லிப் பையன் ஓடிவந்து, மடியில் வைத்து மறந்திருந்த தாளை நீட்டி, தலையைச் சொறிந்தான். இருபத்தைந்து. இனிச் சாக்கு இல்லை. தாழ்வாரத்தில் நடந்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு ஓடினார்கள், யாரோ மேலே இடித்துவிட்டு "சாரி சார்" என்றார்கள், தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, நினைவு இந்தத் தடவை முள்ளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நீ சொல்லும்மா. நீ என்ன. தஹ்ஸீன் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்க எண்ணைச் சொல்லி முடித்த பெருமையோடு. அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது, ஒரு நொடிக்கு மேல் இல்லை. உருதுத் தெருப் பெண்களின் வலிக்கெல்லாம் சொல் கண்டுபிடித்தவள், அந்த ஒரு நொடியில் அப்பாவின் முகத்தைப் படித்து, மொழிபெயர்த்து, ஆய்வாளரிடம் சொன்னாள்: "அப்பா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அவரு ஹிஸ்டரி வாத்தியாரு." திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றுக்குச் சத்தமாக, "அப்பா, அந்தக் குதிரைக்குப் பேரு இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்று அவர் சொன்னார். அவர் தோளில் அவள் கை கிடந்தது. பள்ளங்களில் மட்டும் இறுகும்.

பரந்தாமன் அறையில் இல்லை. பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது, மற்றவர்கள் தங்கள் போன்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அவருடையது மட்டும் ஒரு மூலையில், முகம் கவிழ்ந்து. எடுத்தார். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. வஹீதா கூப்பிடவில்லை என்றால் அது ஒரே ஒரு விதமாகத்தான் இருக்க முடியும். ஒரு செய்தி இருந்தது, பதினொன்று பத்துக்கு வந்தது.

"அப்பா, பேரு வரல. அம்மாகிட்ட சொல்லிட்டேன், நீங்க எதுவும் சொல்ல வேணாம். கௌஸியா காலாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரி, கூடப் போறேன், வர ரெண்டு மணி ஆகும். சோத்துச் சட்டி அங்கவடி மேல இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."